மிச்சம் வைக்காதவர்

எங்கள் வீட்டுக்குச் செய்தி எல்லாம் மூடி உடைந்த ஒரு பழைய மடிக்கணினி வழியாகத்தான் வரும். என் வீட்டுக்காரர் கூலிம் ஊர்த் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். எவனோ பொறுக்கிக் காட்டுவதை நாம் ஏன் படிக்க வேண்டும் என்று, அந்த மடிக்கணினியை அரிசி டின்னுக்குப் பக்கத்தில் வைத்து, நாங்கள் படிக்கும் தளங்களை எல்லாம் அதில் சேர்த்துவிட்டார். எதில் புதிதாக எது வந்தாலும் அது எடுத்து வைத்துக்கொள்ளும். அவர் கைப்பேசியிலும் என் கைப்பேசியிலும் ஒரே மாதிரி காட்டும். டிவி நிலையமே கட்டி முடித்தவர் மாதிரி கொஞ்ச நாள் அவர் நடையே மாறிப்போனது.

கோளாறு என்னவென்றால், இருவருக்கும் ஒரே கணக்கு. அவர் ஒன்றைப் படித்தால் எனக்கும் அது மறைந்துவிடும். தொழிற்சாலையில் ஷிப்டை ஒப்படைக்கும்போது திரையில் ஒரு வேலைகூட பாக்கி நிற்கக்கூடாதாம். அந்தப் பழக்கத்தில், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்குமுன், படித்தது படிக்காதது எல்லாவற்றையும் 'படித்தாயிற்று' என்று ஒரே அமுக்கு. நான் திறந்தால் துடைத்து வைத்த தட்டுதான் இருக்கும். தனிக் கணக்கு கேட்டேன். புருஷன் பெண்டாட்டிக்குள் என்ன தனி என்றார். அடுப்படியிலும் இதே கூத்துதான். படுக்கப் போகுமுன் சட்டியில் எது இருந்தாலும் கொட்டிக் கழுவிக் கவிழ்த்துவிடுவார். மறுநாள் காலையில்தான் மீன் குழம்புக்கு ருசியே ஏறும். அதையும் கொட்டுவார். எனக்கு வயிறு எரியும்.

அந்த எரிச்சலில் ஒரு கதை எழுதி, நாங்கள் படிக்கும் தளம் ஒன்றுக்குப் புனைபெயரில் அனுப்பிவிட்டேன். நான் எழுதிய முதல் கதை. அவரிடம் மூச்சு விடவில்லை. அந்தத் தளத்தார் பதில் எழுத மாட்டார்கள். பிடித்தால் போடுவார்கள், அவ்வளவுதான். நேரே போய்த் தேடி, இல்லை என்று தெரிந்துகொள்ள எனக்குத் தைரியம் இல்லை. தானாக வந்து நிற்கட்டும் என்று தினமும் கைப்பேசியைத் திறப்பேன். தினமும் காலி. வரவே இல்லையோ, வந்ததை இந்த மனுஷன் துடைத்துவிட்டாரோ, எப்படித் தெரியும்? ஒருநாள் அழுதேவிட்டேன்.

ஒரு சாயங்காலம் காலிலிருந்து சப்பாத்தைக் கழற்றும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். யாரோ ஓர் அம்மா கதை எழுதியிருக்கிறாளாம். மீன் குழம்பைக் கொட்டுகிற புருஷனாம்.

"இப்படியும் ஒரு ஆளு இருப்பானா? அந்த அம்மா பாவம் லா."

அதையும் துடைத்தாயிற்றா என்று கேட்டேன்.

"இல்ல, அது ஒன்ன மட்டும் 'படிக்கல'ன்னு மாத்தி விட்டு வெச்சிருக்கேன். நீ படிக்கணும்ல."

திறந்தேன். எப்போதும் காலியாகக் கிடக்கும் இடத்தில் என் கதை மட்டும் இருந்தது. படித்து முடித்து, கைப்பேசியை அவர் பக்கம் நீட்டினேன்.

"அந்த அம்மா நான்தான்."

மனுஷன் உட்கார்ந்து முதலிலிருந்து மறுபடி படித்தார். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

அன்று கெம்போங் மீன் குழம்பு. சட்டியைத் தொடாமலே போய்ப் படுத்தார். காலையில் நான் எழுந்தபோது வேலைக்குக் கிளம்பிப் போயிருந்தார். மூடியைத் திறந்தேன். ருசி ஏறிய குழம்பை ரொட்டியில் தொட்டுத் தொட்டு அவரே வழித்திருந்தார். ஒரே ஒரு துண்டு மீனை மட்டும் எனக்கென்று விட்டு வைத்திருந்தார்.