வியாழக்கிழமைக்காரியின் கறுப்பு வண்டி

சாய்பின் வியாழக்கிழமை பிறந்தவள். பிறந்த கிழமைக்கு ஒரு நிறம் உகந்தது, ஒரு நிறம் ஆகாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை; வியாழக்கிழமைக்காரர்களுக்குக் கறுப்பு ஆகாது. அவள் கணவன் கமோன் வாங்கிய பழைய பிக்கப் வண்டியோ நல்ல கறுப்பு. பெயின்ட் அடிக்க வசதி இல்லாததால், 'இந்த வண்டி வெள்ளை' என்று பின்கண்ணாடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார்கள். தாய்லாந்தில் எங்கள் ரோயெட் பக்கம் இப்படிப் பச்சை என்று சொல்லிக்கொண்டு ஓடும் சிவப்பு வண்டிகள் நிறைய உண்டு. யாரும் சிரிப்பதில்லை.

கமோன் முதுகில் அடிபட்டுப் படுத்ததும் காய்கறி வண்டியை அவளே ஓட்ட ஆரம்பித்தாள். இருபுறமும் கம்பிகளில் கீரையும் மிளகாயும் சின்னச் சின்னப் பைகளாகத் தொங்கும். பின்னால் ஐஸ் பெட்டியில் மீன். ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டதும் நாங்கள் வாசலுக்கு வந்துவிடுவோம். யார் வீட்டுக்குப் புளித்த மூங்கில் குருத்து, யாருக்கு முள் குறைந்த மீன் என்று எல்லாம் அவளுக்குத் தெரியும். வீட்டில் அவள் எதற்கும் வாய் திறந்து பார்த்ததில்லை. ஸ்டீயரிங் பிடித்தால்தான் பேச்சு வரும், பாட்டும் வரும்.

அந்த வண்டியின் மேல் கமோனின் அக்கா வன்னாவுக்கு ஒரு கண். பாங்காக்கில் வேலை போய்த் திரும்பிவந்த மகன் டேச்சாவுக்கு ஒரு பிழைப்பு வேண்டும். ஆனால் அவள் அன்பில்லாதவள் என்று சொல்ல முடியாது. வியாழனுக்கு உகந்த நிறம் ஆரஞ்சு என்பதால், காலடியில் போட ஆரஞ்சு நிறத்தில் தடித்த கால்மிதி ஒன்றை அவள்தான் வாங்கிவந்தாள். "வெளியே கறுப்பு இருந்துட்டுப் போகட்டும். உள்ளே உன் நிறம் இருக்கணும்ல?" என்று தானே விரித்தும் கொடுத்தாள்.

சில வாரம் கழித்து வண்டி மக்கர் பண்ணத் தொடங்கியது. காலையில் ஒரே திருப்பில் கிளம்பும். நாலைந்து தெரு போனதும், வியாபாரம் முடித்துச் சாவியைத் திருப்பினால் ஒரு சத்தமும் இருக்காது. விளக்கு எரியும், ஹாரன் அடிக்கும், செல்ஃப் மட்டும் எடுக்காது. இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்து திருப்பினால், ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும். மறுநாள் முழுக்கத் தொந்தரவே இருக்காது. அதற்கடுத்த நாள் நடுத்தெருவில் நிற்கும். டேச்சா வந்து உட்கார்ந்தால் உடனே எடுக்கும்.

"அத்தை, வண்டிக்கு ஆம்பளை வாசம் பிடிச்சுப் போச்சு" என்று அவன் சிரிப்பான்.

"சிரிக்காதடா" என்பாள் வன்னா. "கறுப்பு அவளை ஏத்துக்கல. அவளைக் கொண்டுபோய் எங்கயாவது சாய்க்கிறதுக்கு முன்னாடி நாமதான் புரிஞ்சுக்கணும்."

சாய்பின் மெக்கானிக் பிரயூனிடம் வண்டியை விட்டாள். அவர் பட்டறையில் அது ஒருமுறைகூட மக்கர் பண்ணவில்லை. சூடானால்தான் நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது என்று கணக்குப் போட்டு செல்ஃப் மோட்டாரை மாற்றினார். வண்டி திரும்பி வந்த அன்றே கோயில் வாசலில் நின்றது. கமோன் படுத்தபடியே சொன்னான்: "இன்னொரு தடவை நின்னா டேச்சா ஓட்டட்டும்."

அடுத்த முறை அது எங்கள் தெருவில்தான் நின்றது. சாய்பின் வீட்டுக்குத் தகவல் சொல்லவில்லை. பிரயூனைக் கூப்பிட்டாள்.

"இறங்காத. எதையும் தொடாத. அப்படியே உட்காரு" என்று சொல்லிவிட்டு அவர் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தார். சாவியைத் திருப்பச் சொல்லிப் பானெட்டுக்குள் காதைக் கொடுத்துக் கேட்டார். "டிக்குன்னுகூட வரல. அப்போ மோட்டார் மேல தப்பில்ல. மோட்டாருக்குக் கரன்ட்டே போகல."

"அப்போ புது மோட்டார்?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பானெட்டை மூடினார். அவளை இறங்கச் சொல்லிவிட்டு, வழக்கம்போலக் கதவைத் திறந்து கால்மிதியை எடுக்கக் குனிந்தார். கை அப்படியே நின்றது. கிரீஸ் காலோடு அடுத்தவர் வண்டியில் ஏறுகிறவர் கால்மிதியை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுத்தான் உட்காருவார். பட்டறையில் ஒவ்வொரு முறையும் அதைத்தான் செய்திருந்தார்.

கால்மிதி முன்னால் நகர்ந்து, கிளட்ச்சுக்கு அடியில் மடிந்து கிடந்தது. கிளட்ச் முழுக்க அமுங்கினால்தான் மேலே இருக்கும் சின்ன சுவிட்ச் செல்ஃபுக்குக் கரன்ட் விடும். டேச்சா மாதிரி நெட்டைக்கால் மிதித்தால் கால்மிதியும் சேர்ந்து நசுங்கும். சாய்பின் குட்டை. முதுகுக்குத் தலையணை வைத்து ஓட்டுகிறவள். தெருவுக்குத் தெரு அவள் ஏறி இறங்கும்போது குதிகால் கால்மிதியைக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே தள்ளிக்கொண்டே போனது. தினமும் காலையில் கிளம்பும் முன் அதைத் தட்டி நேராகப் போடுவாள். கோபத்தில் இறங்கிப் போய்த் திரும்பி ஏறும்போது சில சமயம் அது தானாகவே பின்னால் வந்துவிடும்.

பிரயூன் கால்மிதியை இழுத்தார். அவள் ஏறி, மிதித்துத் திருப்பினாள். எடுத்தது. மறுபடி உள்ளே தள்ளினார். எடுக்கவில்லை. சாய்பின் அழுதாள், சிரித்தாள், எங்கள் எல்லோருக்கும் ஆளுக்கொரு கட்டுக் கொத்தமல்லி கொடுத்தாள். "வீட்ல வந்து இதைச் சொல்லுங்க அண்ணே" என்று அவரை அழைத்துக்கொண்டு போனாள். நாங்களும் பின்னாலேயே போனோம். கமோன் படுத்திருந்த இடத்திலிருந்து வாசல் தெரியும்.

வன்னா கேட்டது ஒன்றுதான். "நான் வாங்கிக் கொடுத்த கால்மிதியாலயா?"

சாய்பின் வண்டியில் ஏறிக் கால்மிதி இல்லாமல் எடுத்துக் காட்டினாள். "மெக்கானிக் பக்கத்துல நின்னா எப்பவும்தான் எடுக்குது" என்றாள் வன்னா. சாய்பின் கால்மிதியைக் கிளட்ச்சுக்கு அடியில் தள்ளி, எடுக்காமல் போவதையும் காட்டினாள். "பாத்தியா கமோன்? அவ உட்கார்ந்தா இப்படித்தான்" என்றாள் வன்னா.

"அண்ணே, நீங்க சொல்லுங்க" என்றாள் சாய்பின்.

எல்லோரும் பிரயூனைப் பார்த்தோம். அன்பாகக் கொடுத்த பொருளை, கொடுத்தவள் முகத்துக்கு நேராகக் குற்றம் சொல்வது எங்கள் பக்கத்தில் கிடையாது. அதோடு, நன்றாக இருந்த மோட்டாரைக் அவர் கழற்றி எறிந்த சங்கதியும் வெளியே வந்துவிடும். அவர் புன்னகை செய்தார்.

"பழைய வண்டி இல்லையா அக்கா... பல காரணம் இருக்கலாம்."

கமோன் சாவியை டேச்சாவிடம் கொடுக்கச் சொன்னான். சாய்பின் கொடுத்தாள். அன்று மாலையே டேச்சா, சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கால்மிதி இடைஞ்சல் என்று எடுத்து ஐஸ் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டான். வண்டி அப்புறம் நிற்கவே இல்லை. கறுப்புக்கு ஏற்ற கை டேச்சாவுடையது என்று ஊரே பேசியது. வன்னாவுக்கு அதில் பெருமை.

மழைக்காலத்தில் ஒரு நாள் எங்கள் தெருவில் டேச்சா சாவியைத் திருப்ப, வண்டி முனகிவிட்டு அடங்கியது. காய்கறி வாங்க வந்தவர்களோடு சாய்பினும் நின்றிருந்தாள்.

"பேட்டரி போயிடுச்சு போல" என்றாள் ஒருத்தி.

"ஆமா, பேட்டரிதான்" என்றார்கள் எல்லோரும்.

டேச்சா வெளியே தலை நீட்டினான். "அத்தை, கொஞ்சம் தள்ளுங்களேன்."

சாய்பின் வாங்கிய பையை என்னிடம் கொடுத்தாள். 'இந்த வண்டி வெள்ளை' என்ற எழுத்துக்குக் கீழே இரண்டு கையையும் வைத்தாள்.

"என் கைபட்டா எடுக்காதேப்பா" என்றாள்.

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. சேற்றில் காலை ஊன்றித் தள்ளினாள். வண்டி எடுத்தது, போய்விட்டது.