மழையில் நனைந்த கையிருப்பு

பனையோலையை விலக்கிவிட்டு அவள் தரையைக் காட்டினாள். உப்பு அம்பாரத்தைச் சுற்றி ஒரு முழ அகலத்துக்கு வெறும் ஈரச்சேறு. அதைத் தாண்டி வட்டமாக ஒரு வெள்ளைக் கறை. "மூடி வெச்சப்போ அம்பாரம் அந்த வட்டம் வரைக்கும் இருந்துது மேடம்" என்றாள். பக்கத்தில் நட்டிருந்த பலகையில் இத்தனை மூட்டை என்று பெயிண்டால் எழுதியிருந்தது. மழைக்கு முன்னால் எழுதிய கணக்கு அது. நான் சேற்றில் சிக்கிய செருப்பைப் பிடுங்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் காட்டிக்கொண்டேன். உண்மையில் எனக்கு எரிச்சல். வகுப்பில் நான் அடித்துப் பேசியதெல்லாம் அந்த ஒரு முழச் சேற்றில் கிடந்தது.

அவள் எங்கள் எம்.பி.ஏ. வகுப்பின் மாணவர் பிரதிநிதி. எல்லோரும் அவளை ரெப் என்றே கூப்பிடுவோம். மரக்காணத்துப் பெண். அவள் அம்மா உப்பளத்தில் கூலிக்குப் போகிறவர். 2006-ஆம் ஆண்டின் தொடக்கம் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய ஒரு கல்லூரியில் நான் நிதிப்பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். அதற்கு முன் சென்னையில் ஒரு பங்குத் தரகர் அலுவலகத்தில் வேலை. ஒரு கம்பெனியின் உண்மையான மதிப்பு என்ன, அதன் பங்கு இன்றைய விலைக்குத் தகுமா என்று ஆராய்ந்து, கடைசியில் 'வாங்கலாம்' என்றோ 'விற்றுவிடலாம்' என்றோ எழுதக் கற்றுக்கொடுப்பதுதான் கல்லூரியில் என் வேலை. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் அப்போது எனக்குக் கிடையாது. வகுப்பில் யாராவது குறுக்கே பேசினால் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு, "வாங்க சார், நீங்களே வந்து எடுங்க" என்பேன். அதோடு வகுப்பு அடங்கிவிடும்.

அந்த வருடம் சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி நிறுவனம் கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி வைத்தது. மூவர் அணியாக ஒரு கம்பெனியை ஆராய்ந்து அறிக்கை எழுதி, நடுவர்கள் முன்னால் பேச வேண்டும். பிடித்துப்போனால் ஒரே ஒருவருக்கு அங்கே வேலை. எங்கள் கல்லூரியை எட்டிப் பார்க்காத வேலை அது. ரெப் என்னிடம் வந்து, "எனக்கு இந்த வேலைதான் வேணும் மேடம். வேற எதுக்கும் நான் அப்ளை பண்ணல" என்றாள். கெஞ்சலாகச் சொல்லவில்லை. பஸ் டிக்கெட் கேட்கிற மாதிரி சொன்னாள்.

கம்பெனியைத் தேர்ந்தெடுத்தது நான். மரக்காணத்தில் குத்தகை உப்பளங்கள் வைத்திருந்த ஓர் உப்புக் கம்பெனி. என் வாதம் கண்ணாடி மாதிரி தெளிவானது என்று நினைத்திருந்தேன். போன பருவமழை பேய்மழை. புதிய உப்பு வாரத் தாமதமாகும், உப்பு விலை ஏறும். அந்தக் கம்பெனியிடமோ ஏராளமான உப்பு கையிருப்பில் இருப்பதாகக் கணக்கு சொல்கிறது. விலை ஏறினால் கொள்ளை லாபம். ஆகவே பங்கை வாங்கலாம். கரும்பலகையில் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன். ரெப் கையைத் தூக்கினாள். "அந்தக் கையிருப்பும் அதே மழையிலதானே மேடம் நனைஞ்சிருக்கும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, அவ்ளோ பெரிய கம்பெனி குடோன் கட்டியிருக்க மாட்டானா?" என்றேன். "குடோன்ல கொஞ்சம்தான் மேடம். மிச்சமெல்லாம் கரையிலயே ஓலை போட்டு மூடியிருக்கும். நீங்க ஒரு தபா வந்து பாருங்க" என்றாள். அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சேற்றில் நின்றேன்.

அவள் அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே விளக்கினார். "மூடின அம்பாரத்த லாரி வர்ற வரைக்கும் யாரும் தொட மாட்டாங்க டீச்சர். திரும்ப அளக்கறதும் கிடையாது. பலகையில என்னா எழுதிக்குதோ அதான் கணக்கு. கரைஞ்சது கரைஞ்சதுதான், லாரியில ஏத்தறப்போ தெரிஞ்சிடும்." அங்கே எல்லோருக்கும் தெரிந்த விஷயம். பலகை எண் பொய் என்று யாரும் நினைக்கவில்லை. அது மூடிய நாளின் எண், அவ்வளவுதான். அந்த எண்ணைக் கூட்டி காலாண்டுக் கணக்கில் போட்ட ஆபீஸுக்கும், அதை நம்பிப் பாடம் எடுத்த எனக்கும்தான் அது தெரியவில்லை.

அப்போதும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. "ஒரு அம்பாரத்தப் பார்த்துட்டு கம்பெனியையே தப்புன்னு சொல்லுவியா? இது ஆராய்ச்சியா, ஊர்க்கதையா?" என்றேன். அவள் முகம் சிவந்தது. அடுத்த நான்கு ஞாயிறும் அணித் தோழிகள் இருவரையும் அழைத்துக்கொண்டு, மேஸ்திரியிடம் கேட்டு, டேப் பிடித்து அம்பாரம் அம்பாரமாக அளந்தாள். பழைய வட்டம், இப்போதைய வட்டம், உயரம், பலகை எண். உப்புக்கல் கீறிய விரல்களில் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு வந்து நோட்டை என் மேஜையில் வைத்தாள். ஓர் இடத்திலாவது தப்பு இருக்காதா என்று இரண்டு நாள் துருவினேன். இல்லை. கையிருப்பைக் குறைத்துப் போட்டதும் என் அழகான மதிப்பீடு பொலபொலவென்று உதிர்ந்தது. அறிக்கையின் தலைப்பில் அவள் 'விற்றுவிடலாம்' என்று தட்டச்சு செய்தாள்.

நான் ஏன் அவ்வளவு முரண்டு பிடித்தேன் என்பதை இங்கே சொல்லிவிடுகிறேன். அந்தப் பங்கை நான் வாங்கி வைத்திருந்தேன். சீட்டுப் பணம் மொத்தமும் அதில்தான், வீட்டுக்காரருக்குத் தெரியாமல். மாணவர்கள் 'வாங்கலாம்' என்று எழுதினால் எனக்கு ராத்திரி தூக்கம் வரும். அதைத்தான் பாடம் என்ற பெயரில் ஒரு மாதமாகத் தேடிக்கொண்டிருந்தேன். நினைத்தால் இன்றைக்கும் கூசுகிறது.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி உண்டு. எழுதியவர்களுக்கோ வழிகாட்டிய ஆசிரியருக்கோ இந்தப் பங்கில் முதலீடு இல்லை என்ற உறுதிமொழி. அதை எழுதச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான். போட்டிக்குப் போகும் பஸ்ஸில் ரெப் அறிக்கையைக் கையெழுத்துக்கு நீட்டிவிட்டு, தன் பேச்சுக் குறிப்பில் மூழ்கிவிட்டாள். நான் பேனாவைத் திறந்து வெகுநேரம் சும்மா வைத்திருந்தேன். மகாபலிபுரம் தாண்டிய பிறகு 'வழிகாட்டிய ஆசிரியருக்கோ' என்பதை அடித்துவிட்டு, 'ஆசிரியருக்கு முதலீடு உண்டு' என்று கீழே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவளிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. அறிக்கையை மூடி, உறைக்குள் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

நன்றாகப் பேசினாள். ஓலை, பலகை, வட்டம் எல்லாம் சொன்னாள். நடுவில் உட்கார்ந்திருந்த நடுவர் கடைசிப் பக்கத்தைப் புரட்டி, கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார். பிறகு அவளைக் கேட்டார்: "உங்க மேடமே இந்தப் பங்கை வெச்சிருக்காங்கன்னு போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த ஒரு மாதத்துச் சண்டை முழுவதும் அவளுக்குப் புரிந்துபோனது தெரிந்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது. வேலை கண்ணெதிரே நிற்கிறது. தெரியும் என்று அவள் மழுப்பினால் நானும் தப்பிப்பேன், அவளும் தப்பிப்பாள்.

"இப்பதான் தெரியும் சார்" என்றாள்.

"அப்போ அவங்களுக்கு என்ன சொல்லுவீங்க?"

"எல்லாருக்கும் சொன்னதுதான் சார்." பிறகு மைக்கை விட்டு விலகி, என் முகத்தைப் பார்த்து, வகுப்பில் சந்தேகம் கேட்கும் அதே குரலில் சொன்னாள்: "வித்துடுங்க மேடம்."

அந்த வேலை அவளுக்குத்தான் கிடைத்தது. நான் திங்கட்கிழமையே நஷ்டத்துக்கு விற்றேன், வீட்டில் உண்மையைச் சொல்லி வாங்கியும் கட்டிக்கொண்டேன். இப்போதும் பாடம் எடுக்கிறேன். ஒவ்வொரு வருடமும் முதல் நாளே என்னிடம் இருக்கும் பங்குகளின் பட்டியலைப் பலகையில் எழுதிப்போட்டு, இதில் எது தப்பு என்று கேட்கிறேன். பிள்ளைகள் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். நான் சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு கை உயரும் வரை அடுத்த பாடத்துக்குப் போவதில்லை.