ராணியைப் பற்றிய ஆறாவது பத்தி

கண்டியிலிருந்து கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில், ஞாயிறு மலருக்காக ஒரு ராணியைப் பற்றி எழுதினேன். கண்டி அரசுக்கு வாரிசு அவள். சிறுமியாக இருந்தபோது போர்த்துக்கேயர் ஞானஸ்நானம் கொடுத்து, பெயரை மாற்றி, மன்னாரில் வளர்த்தார்கள். பிறகு படையோடு கூட்டிவந்து கண்டியில் அரியணை ஏற்ற முயன்றார்கள். படை தோற்றது. வென்றவன் அவளை மணந்தான். அவனும் ஒருகாலத்தில் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் அதைக் கைவிட்டவன். அவள் எந்த நம்பிக்கையோடு இறந்தாள் என்பதில் இன்றுவரை ஒத்த கருத்து இல்லை.

ஆறு பத்திகள் அனுப்பினேன். ஐந்தாவதில், கடைசிவரை மனதளவில் அவள் கத்தோலிக்கப் பெண்தான் என்று ஐரோப்பியர் சிலர் எழுதியதைச் சொல்லியிருந்தேன். ஆறாவதில், அப்படி எழுதியவர்களுக்கு அதனால் ஆதாயம் இருந்தது, உண்மை எதுவென்று எனக்குத் தெரியவில்லை என்று முடித்திருந்தேன்.

மலரைப் பிரித்தால் ஐந்தே பத்திகள். அதற்குக் கீழே பற்பசை விளம்பரம். இடம் போதாவிட்டால் கீழிருந்து வெட்டுவார்கள். அதனால் முக்கியமானதை மேலே எழுத வேண்டும். இதை அறிந்தவன்தான் நான். ஆனாலும் சந்தேகத்தைக் கடைசியில் வைத்திருந்தேன்.

அப்போது என் தங்கைக்குக் கண்டிக்குப் பக்கத்து வத்தேகமவில் ஒரு கத்தோலிக்க வீட்டில் கல்யாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்திருந்தது. ஞானஸ்நானம் பெற வேண்டும் என்றார்கள். மனம் ஒட்டாமல் போய் நின்றால் அது பொய்யாகிவிடும் என்று பயந்து, மூன்று மாதமாகப் பதில் சொல்லாமல் இருந்தாள்.

அந்த ஞாயிறு மலரோடு அடுப்படிக்குப் போனாள்.

“பாருங்கம்மா, யாரோ குடுத்த சாமி. ஆனா கடைசி வரைக்கும் அவ மனசுலயே இருந்திருக்கு. எனக்கும் போகப்போக ஒட்டிரும்.”

“ராணிக்கு மாமியா இல்லடி. ஒனக்கு இருக்கா. காலையில அஞ்சு மணிக்கு எழுப்பி பூசைக்கு இழுத்துட்டுப் போவா, பாரு” என்றார் அம்மா.

அன்று மாலையே சம்மதம் என்று ஆள் அனுப்பினாள். அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் என்று முடிவாயிற்று.

கட்டுரையின் கார்பன் பிரதி என் மேசையில் இருந்தது. காட்டினால் கல்யாணத்தைக் கெடுத்தவன் ஆவேன். காட்டாவிட்டால் அரைச் செய்தியை நம்ப விட்டவன். ஐந்து நாள் எடுத்தும் வைத்தும், சனிக்கிழமை கொடுத்தேன். நின்றபடியே படித்தாள்.

“அப்ப எதுண்ணே உண்ம?”

“தெரியல்ல.”

“தெரியாதத ஏன் அடியில போட்டீங்க? மொத வரியிலயே சொல்லியிருக்கலாம்ல?”

தாளை மடித்துத் திருப்பித் தந்துவிட்டு, மறுநாள் உடுத்த வேண்டிய வெள்ளைச் சேலைக்கு இஸ்திரி போடப் போனாள். அதற்கு என்ன பொருள் என்று எனக்கு விளங்கவில்லை.

வத்தேகமக் கோவிலில் அம்மாவும் நானும் கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்தோம். ஃபாதர் விசுவாசக் கேள்வியைக் கேட்டார். தங்கை உடனே பதில் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் தாய் திரும்பி எங்களைப் பார்த்தார். ஃபாதர் இரண்டாம் முறை கேட்டார்.

“விசுவசிக்கிறேன்” என்றாள். கடைசி வாங்குவரை தெளிவாகக் கேட்டது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா என் காதருகே குனிந்தார்.

“நெசமாத்தான் சொன்னாளாடா?”

அவள் நின்ற இடம், கையில் இருந்த மெழுகுதிரி, பதிலுக்கு எடுத்த நேரம் எல்லாவற்றையும் பார்த்திருந்தேன். “தெரியல்லம்மா” என்பதையே முதலில் சொன்னேன்.