போய்ச் சேர்ந்தால்தான் பயணம்

அறுபது வயது நிறைந்த நாளில், மாலை ஐந்தரை மணிக்கு, அவருடைய நேரத்தின் மதிப்பு நூறிலிருந்து முப்பதாகக் குறைந்தது. குறைத்தவர் வேறு யாருமல்ல, அவரேதான். போக்குவரத்துத் திட்ட அலுவலகத்துக்காக முப்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கைப்பட எழுதிய அட்டவணை அப்படித்தான் சொன்னது. வேலைக்குப் போகிறவரின் ஒரு மணி நேரம் நூறு என்றால், மாணவருடையது முப்பது, ஓய்வு பெற்றவருடையது முப்பது, வீட்டிலிருக்கும் பெண்ணுடையது இருபத்தைந்து. ஏதோ ஒரு கையேட்டைப் பார்த்து எழுதியது. எழுதியபோது அவருக்கு வயது முப்பது. அறுபது என்பது அடுத்த வீட்டுக்காரருக்கு வருவது.

பிரிவு உபசாரத்தில் சக ஊழியர்கள் அவருக்குச் சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள்.

அவர் பார்த்த வேலையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். பேருந்துத் தடமோ பாலமோ ரயில் பாதையோ, ஊருக்கு எது வரவேண்டும் என்று யார் கேட்டாலும் அந்தக் கோப்பு அவர் மேசைக்கு வரும். அதனால் மக்களுக்கு மிச்சமாகும் நேரம், எரிபொருள், குறையும் விபத்து எல்லாவற்றுக்கும் விலை போட்டு, அந்தப் பலனைச் செலவால் வகுப்பார். விடை ஒன்றுக்கு மேல் என்றால் கோப்பு மாடிக்குப் போகும். ஒன்றுக்குக் கீழ் என்றால் இரும்பு அலமாரிக்குப் போகும். இரண்டு தசம இடங்களுக்கு மேல் எழுத மாட்டார், குறைக்கவும் மாட்டார். அலுவலகத்தில் அவருக்குத் ‘தசமம்’ என்று பெயர். முதுகுக்குப் பின்னால் தொடங்கி, பிறகு முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்.

“அளக்கிறதோட சரி. ஆத்துல கூட ஒண்ணும் போட்டு நான் பார்க்கலை,” என்பாள் மனைவி.

அவள் சொன்னதில் தவறில்லை. அவர்கள் வீடு நகரத்தின் கிழக்கு விளிம்பில் இருந்தது. மலிவாகக் கிடைத்ததால் வாங்கியது. ஏன் மலிவு என்பது குடிவந்த மறுநாள் காலை, நிறுத்தத்தில் நின்றபோது தெரிந்தது. ஐம்பது நிமிடத்துக்கு ஒரு பேருந்து. அதுவும் வந்தால். மனைவியின் அக்கா நகரத்தின் மேற்குக் கோடியில், பக்கவாதம் வந்து படுக்கையில் கிடந்தாள். அங்கே போக இரண்டு பேருந்தும் ஒரு நடையுமாக, நிற்பதையும் சேர்த்து, ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆகும். முதல் வருடம் மனைவி வியாழக்கிழமைதோறும் போனாள். முழங்கால் தேயத் தேய, ஒன்றுவிட்ட வியாழன் ஆயிற்று. அப்புறம் மாதம் ஒருமுறை. அப்புறம் தொலைபேசி. அக்காவுக்குப் பேச்சுத் தெளிவில்லை, தொலைபேசியில் மூச்சுதான் கேட்கும். தங்கை பேசுவாள், அக்கா மூச்சு விடுவாள். அரை மணி நேரம் அப்படிப் போகும்.

அவருக்கு ஐம்பத்துநாலு வயதானபோது, கிழக்கு விளிம்பிலிருந்து பெரிய ஆஸ்பத்திரி வழியாக மேற்குக் கோடி வரை ஒரு மின்ரயில் பாதை போடலாமா என்ற கோப்பு வந்தது. கணக்குப் போட வேண்டியவர் அவர்தான். வீட்டில் சொன்னார்.

“எத்தனை நிமிஷத்துல போகும்?” மனைவி கேட்டாள்.

“நாற்பதுக்குள்ள.”

“அப்ப வாராவாரம் போகலாம்.”

“முதல்ல கணக்கு வரட்டும்.”

“நீங்கதானே போடப் போறீங்க?”

“அதனாலதான் சொல்றேன்.”

பாதை வழியில் ஆயிரத்து இருநூறு வீடுகளைக் குலுக்கிப் போட்டு எடுத்து, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாரத்துப் பயணங்களைப் படிவத்தில் எழுதி வாங்குவது வழக்கம். குலுக்கலில் அவர் வீடும் விழுந்தது. வேலிக்கு ஓணான் சாட்சி ஆகிவிடுமே என்று இயக்குநரிடம் போய், தன் வீட்டை நீக்கிவிடுங்கள் என்றார்.

“குலுக்கல்ல விழுந்ததை நீக்கினாத்தான் சார் தப்பு. உங்க கையேடே சொல்லுதே,” என்றார் இயக்குநர்.

கையேடு அப்படித்தான் சொன்னது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை மாலை, சாப்பாட்டு மேசையில் படிவத்தை விரித்து, மனைவியை எதிரில் உட்காரவைத்தார். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

“திங்கள்?”

“வீட்லதான்.”

“செவ்வாய், புதன்?”

“வீட்லதான். உங்களுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சாலும் கேக்கணும். வியாழன்?”

“அக்காவைப் பார்க்கப் போகலாம்னு கிளம்பினேன். ஸ்டாப்புல ஒரு மணி நேரம் நின்னேன். பஸ் வரலை. கால் வலி தாங்காம திரும்பி வந்துட்டேன்.”

பேனா நின்றது. கையேட்டை நினைவுபடுத்திப் பார்த்தார்.

“அது பயணம் இல்லை.”

“பின்ன என்ன, காவல் வேலையா?”

“ஒரு இடத்துக்குப் போய்ச் சேரணும். சேர்ந்தாத்தான் பயணம்.”

“போகணும்னு நெனச்சேன்ல, அதை எழுதுங்க.”

“அதுக்குக் காலம் இல்லை.” படிவத்தில் கோடு போட்டுப் பிரித்த பத்திகளை அலுவலகத்தில் எல்லோரும் ‘காலம்’ என்றுதான் சொல்வார்கள்.

“எனக்கென்ன, காலம் நெறையவே இருக்கு.”

“நான் சொல்றது படிவத்துல இருக்கிற காலம்.”

“நானும் அதைத்தான் சொல்றேன். பாருங்க, வெறுமையா இருக்கு, என் காலம் பூரா.”

அவர் சிரித்தார். நல்ல சிலேடை என்று மறுநாள் அலுவலகத்தில் சொல்லவும் செய்தார். படிவத்தில், மனைவியின் பெயருக்கு நேரே, ‘பயணம்: 0’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று மாதம் கழித்து விடை வந்தது. 0.96.

இயக்குநர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். கெட்ட மனிதர் அல்ல. “நாலு பாயிண்ட்தானே குறையுது, தசமம். காத்திருக்கிற நிமிஷத்தோட மதிப்பை ஒண்ணரை மடங்கா எடுத்திருக்கீங்க. ரெண்டு மடங்குன்னு வெச்சுக்கோங்க, தாண்டிடும்.”

“கையேடு ஒண்ணரைதான் சார்.”

“ரெண்டுன்னும் சில ஊர்ல எடுக்கறாங்க.”

“நான் இருக்கிற தெருவுல ரயில் நிக்கறதுக்காக நான் மடங்கை ஏத்தினேன்னு ஆயிடும்.”

“யாரு சொல்லப் போறா?”

“நான் சொல்லுவேன்.”

இயக்குநர் பெருமூச்சு விட்டார். “நீங்க நேர்மையா இருக்கறதுக்கு உங்க வீட்டம்மா நடக்கணும். சரி, போங்க.”

கோப்பு அலமாரிக்குப் போனது. அன்று மாலை அவர் வீட்டுக்குள் நுழையும்போதே மனைவி கேட்டாள்.

“என்னாச்சு?”

“தொண்ணூத்தாறு.”

“நல்ல மார்க்காச்சே. நம்ம பொண்ணு வாங்கியிருந்தா தெரு பூரா சொல்லியிருப்பீங்க.”

“இதுல நூறு வாங்கினாத்தான் பாஸ்.”

“அதுல என்னை எவ்வளவுன்னு போட்டீங்க?” என்றாள்.

“வீட்ல இருக்கிறவங்களுக்குக் கால் பங்கு.”

“அக்காவை?”

“படுக்கையில இருக்கிறவங்க கணக்குல வர மாட்டாங்க.”

மனைவி தட்டு எடுத்துவைத்தாள். அன்று ரசம் போல ஏதோ ஒன்றைச் சாப்பிட்டார், என்னவென்று கவனிக்கவில்லை. தவறு செய்த மனிதனின் கூச்சம் எதுவும் அவருக்கு இல்லை. தவறு செய்யாததுதான் உறுத்தியது.

அதே மாதம் ஒரு மேம்பாலத்துக்கு 1.38 போட்டார். காரில் வேலைக்குப் போகிறவர் ஒவ்வொருவருக்கும் நாலு நிமிடம் மிச்சம், ஒவ்வொரு நிமிடமும் முழு மதிப்பு. பாலம் இரண்டே வருடத்தில் எழுந்தது. மிச்சமாகிறது என்று கேள்விப்பட்டு இன்னும் நிறையக் கார்கள் வந்தன. அந்த நாலு நிமிடத்தை எல்லோரும் பாலத்தின் மேலேயே நின்று செலவழித்தார்கள். கீழே நிற்பதைவிட மேலே காற்று நன்றாக இருந்தது என்பது உண்மை. அதற்கு அவர் விலை போட்டிருக்கவில்லை.

கோப்பு அலமாரிக்குப் போன பிறகு அக்கா மூன்று வருடம் இழுத்துக்கொண்டு கிடந்தாள். அந்த மூன்று வருடத்தில் தங்கை பதினொரு முறை நேரில் பார்த்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் தொலைபேசியில் அக்காவின் மகன் பேசினான். அன்றைக்கு மட்டும் அவர் வாடகைக் கார் பிடித்தார். ஐம்பது நிமிடத்தில் போய்விட்டார்கள். வழியெல்லாம் மனைவி சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கும்போது, “இவ்வளவு கிட்டத்திலயா இருந்தா?” என்று மட்டும் கேட்டாள். அவரிடம் கேட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை.

அவர் ஓய்வு பெற்ற வருடம், நகரத்துக்குப் பெரிய விளையாட்டுப் போட்டி ஒன்று ஒதுக்கப்பட்டது. பதினொரு நாள் போட்டி. மைதானம் மேற்கே, வீரர்கள் தங்கும் கட்டடங்கள் கிழக்கே. நடுவில் ரயில் வேண்டும் என்றார்கள். பலன் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து பழைய கோப்பை எடுத்து, வரைபடத்தை மட்டும் உருவிக்கொண்டு, 0.96 இருந்த பக்கத்தை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவர் செய்தித்தாளில் படித்தார். “அளக்காம போடறாங்க,” என்றார்.

இரண்டு வருடத்தில் ரயில் ஓடியது. வீரர்கள் வந்தார்கள், போனார்கள். அவருடைய மகள் அதே பாதையின் சிக்னல் பிரிவில் பொறியாளராகச் சேர்ந்திருந்தாள். ஆறாவது மாதம் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள்.

“அப்பா, உங்க பழைய கணக்குல ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு போட்டிருந்தீங்க?”

“இருபத்திரண்டாயிரம்.”

“இப்ப நாற்பத்தோராயிரம் வர்றாங்க.”

“எண்ணினது யாரு?”

“கதவு. கதவுலயே எண்ணற கருவி இருக்குப்பா.”

“ரெண்டு தடவை எண்ணுதோ என்னமோ.”

“கதவுக்கு உங்களை மாதிரி மடங்கெல்லாம் தெரியாது.”

“அப்ப இத்தனை பேரும் எங்கேயிருந்து வந்தாங்க?”

“வீட்லேருந்து,” என்றாள் மகள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. குளிக்கப் போய்விட்டாள்.

மறுநாள் அவர் பழைய அலுவலகத்துக்குப் போனார். தசமம் வந்திருக்கிறார் என்று தேநீர் வாங்கிக் கொடுத்தார்கள். அலமாரியைத் திறக்கச் சொல்லி, ஆயிரத்து இருநூறு படிவங்களையும் கீழே இறக்கி, சுவரோரம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று நாள் புரட்டினார். எல்லா வீட்டிலும் யாராவது ஒருவருக்கு நேரே ஒரு பூஜ்ஜியம் இருந்தது. கால் முடியாதவர், கைக்குழந்தைக்காரி, ஊன்றுகோல்காரர், இருட்டுமுன் திரும்ப முடியாது என்பதால் வேலையை விட்ட பெண். மொத்தம் ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு பூஜ்ஜியம். பூஜ்ஜியம் என்றால் போக வேண்டிய தேவை இல்லாதவர் என்று எடுத்துக்கொண்டு அத்தனை பேரையும் அவர் தள்ளியிருந்தார். பேருந்து இல்லாததால் போகாதவர்களை, போகாததால் பேருந்து வேண்டாதவர்கள் என்று எழுதியிருந்தார். கையேட்டில் அது தவறாகாது. கூட்டலும் வகுத்தலும் இப்போதும் சரியாகவே இருந்தன.

அவர்களில் பாதிப் பேர் வாரம் ஒருமுறை போவார்கள் என்று வைத்து, திரும்பப் போட்டார். கால் பங்கு மதிப்பிலேயே போட்டார். 1.07 வந்தது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். “தப்பு என்னோடது. அன்னிக்கே ஒண்ணைத் தாண்டியிருக்கணும்.”

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். “எவ்வளவு?”

“ஒண்ணு புள்ளி பூஜ்ஜியம் ஏழு.”

“அன்னிக்கே தாண்டியிருந்தா ரயில் எப்ப வந்திருக்கும்?”

அவர் கணக்குப் பார்த்தார். பாலத்துக்கு ஆன அதே இரண்டு வருடம். அக்கா போவதற்கு ஒரு வருடம் முன்பு. ஐம்பத்திரண்டு வியாழக்கிழமை. சொல்லவில்லை. அவள் மடிப்பதை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சொல்லாமலே வாங்கிக்கொண்டாள் போலிருந்தது.

“யாருகிட்ட சொல்லப் போறீங்க இதை?”

“ஆபீசுக்கு எழுதறேன்.”

“ரயில்தான் ஓடுதே.”

“கோப்புல தப்பா இருக்கே.”

மூன்று பக்கம் எழுதினார். பூஜ்ஜியங்களை இனிமேல் தனியாக விசாரிக்க வேண்டும், போக விரும்பியது எங்கே என்று கேட்க வேண்டும் என்று எழுதினார். ஐந்து வாரத்தில் பதில் வந்தது. மேற்படி பாதை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளதால் அதன் பயன் குறித்த கேள்வி எழவில்லை என்றும், தங்கள் ஆர்வத்துக்கு நன்றி என்றும் இருந்தது. இரண்டு தசம இடங்களுக்குத் தன் வாழ்நாளைக் கொடுத்தவருக்கு வந்த பதிலில் எண் என்று இருந்தது தேதி மட்டும்தான்.

மனைவியின் முழங்காலை மாற்றி வைத்தது அந்த வருடம்தான். நடை வந்தது. போக வேண்டிய இடம் மேற்கில் இல்லை. சந்தைக்கும் நூலகத்துக்கும் போனாள், ரயிலில்தான். அவர் கூட வருகிறேன் என்றால், “எதுக்கு, எண்ணறதுக்கா?” என்பாள். அவ்வளவுதான் அவள் சொன்ன கடுஞ்சொல்.

அறுபத்துநாலாவது வயதில் அவருக்கு ஈரலில் கோளாறு கண்டது. பெரிய ஆஸ்பத்திரியில், மூன்றாவது மாடியில், சன்னலோரப் படுக்கை. சன்னலுக்கு நேர் கீழே ரயில் நிலையம். பத்தொன்பது நாள் கிடந்தார். மகள் இரவில் வந்து தங்குவாள். மனைவி காலையில் வந்து பதினொரு மணிக்குப் போவாள். வீட்டில் ஒரு வேலையும் இருக்காது. நாலு மணிக்குத் திரும்ப வருவாள். ஆறு மணிக்குப் போவாள். சில நாள் ஏழரைக்கு, மகள் வந்த பிறகும், ஒருமுறை எட்டிப் பார்ப்பாள்.

“ஒரு நாளைக்கு ஒரு தடவை வந்தா போதாதா?” என்றார் அவர். “முழங்கால் புதுசு. தேய்ச்சுடாதே.”

“இருபத்தோரு நிமிஷம்தான்.”

“அதுக்காக மூணு தடவையா? வந்து என்ன பண்ணப் போறே?”

“ஒண்ணும் பண்ணப் போறதில்லை. வர முடியுது, வர்றேன்.”

மறுத்துச் சொல்லக் கையேட்டில் எதுவும் இல்லை. மனைவி போர்வையைச் சரிசெய்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ஒருவர் பேச, மற்றவர் மூச்சு விட, அரை மணி நேரம் போகும்.

இருபதாம் நாள் காலை ஆறே காலுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஆறு மணி ஐம்பது நிமிடத்துக்கு மனைவி படுக்கையருகில் இருந்தாள். அவர் கண் திறந்துதான் இருந்தது. அவளைப் பார்த்தார். ஏழு மணி பத்து நிமிடம் வரை இருந்தார்.