கிணற்றுத் திருப்பத்துப் பலகை

சென்னியப்பனைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், "எழுதறதுக்கு வேற ஆளே கெடைக்கலீங்களா?" என்று ஊரில் இரண்டு பேர் கேட்டார்கள். கிடைக்காமல் இல்லை. பனியன் கம்பெனி வைத்து மாடிமேல் மாடி கட்டியவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுத அவர்களே ஆள் வைத்துக்கொள்வார்கள். இவருக்கு நான்தான் இருக்கிறேன்.

பல்லடத்திலிருந்து மங்கலம் பக்கம் போகும் மாநில நெடுஞ்சாலையில் அவர் சாலைப் பணியாளர். நெடுஞ்சாலை என்று பேர்தான் பெரிசு. எதிரே டவுன் பஸ் வந்தால் சைக்கிள்காரன் மண்ணில் இறங்கி நிற்க வேண்டும். குழியை மூடுவது, ஓரத்துச் செடியை வெட்டுவது, மைல்கல்லுக்கு வெள்ளை அடிப்பது, சாய்ந்த பலகையை நிமிர்த்துவது என்று அவருக்கு நாள் ஓடும். எவனாவது பலகைமேல் சினிமா போஸ்டர் ஒட்டிவிட்டால் அன்றைக்கு முழுக்க யாரிடமும் முகம் கொடுத்துப் பேச மாட்டார். நடுவில் சில வருஷம் சாலைப் பணியாளர்களை மொத்தமாக வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அப்போது சாயப்பட்டறையில் மூட்டை தூக்கினார். மனைவி மருதாள் கம்பெனியில் பனியன் மடிக்கப் போனாள். 2006-ல் வேலை திரும்பக் கிடைத்தது. அன்றைக்கு அவர் தேம்பி அழுததை நான் பார்த்தேன்.

அந்த வருஷ ஆயுத பூஜையில்தான் எல்லாம் நடந்தது. ரோட்டு வேலைக்காரர்கள் அன்றைக்கு மண்வெட்டி, கடப்பாரை, தார் வாளி எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைப்பார்கள். மைல்கல்லுக்குக்கூட மாலை போட்டுத் தேங்காய் உடைப்பார்கள். வேலை கிடைத்த சந்தோஷத்தில் சென்னியப்பன் ஒரு படி மேலே போனார். கிணற்றுத் திருப்பத்து எச்சரிக்கைப் பலகை துருப்பிடித்துக் கிடந்தது. அங்கே ரோடு சட்டென்று வலது பக்கம் ஒடியும். ஒடிக்காமல் நேரே போனால் சுற்றுச்சுவர் இல்லாத பழைய கிணறு. பலகையைக் கம்பத்தோடு பிடுங்கி வீட்டுக்குக் கொண்டுபோய், கைக்காசில் பெயின்ட் வாங்கி அடித்தார். மழை பிடித்துக்கொண்டதில் பெயின்ட் காயவில்லை.

"பூசை முடிஞ்சு நாளைக்கு நட்டுப்போடலாம் புள்ள," என்று மருதாளிடம் சொல்லிவிட்டு, பலகையையும் மண்வெட்டியோடு சேர்த்து நிறுத்திச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். அந்த ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் பழகினவர்கள். கண்ணை மூடிக்கொண்டு திரும்புவார்கள்.

அன்று மத்தியானம் அருள்புரம் பக்கத்து ரோட்டில் மழையில் ஒரு சின்னப் பாலம் உள்வாங்கிவிட்டது. அந்த வழியாகப் போகிற வண்டிகளை எங்கள் ரோட்டுக்குத் திருப்பிவிட்டார்கள். சாமி கும்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பொழுது சாயும்போது ஒரு கம்பெனி வேன் வந்தது. கம்பெனியில் பூஜை முடிந்து, பொரிப் பொட்டலத்தோடு வீட்டுக்குத் திரும்பும் பெண்கள் உள்ளே இருந்தார்கள். ஓட்டியவன் பாண்டித்துரை. உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்த குடும்பம். அதே வேனில் அவன் தங்கை அபிராமியும் இருந்தாள். எங்கள் ரோட்டில் அவன் அதற்கு முன் வந்ததே இல்லை. வேன் நேரே கிணற்றுக்குள் போய்விட்டது. ஊரே திரண்டு கயிறு போட்டு எல்லாரையும் தூக்கினோம். அபிராமி மட்டும் உயிரோடு வரவில்லை. தண்ணீர் முழுக்கப் பொரி மிதந்தது. அதன் பிறகு நான் பொரி தின்பதில்லை.

சத்தம் கேட்டதும் சென்னியப்பன் பலகையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடினார். எல்லார் கண்ணும் கிணற்றுக்குள் இருந்தபோது, அதே குழியில் அதை நட்டுவிட்டார். "இன்னொரு வண்டி வந்து உழுந்துறக் கூடாதுன்னுதானுங்க," என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். இன்னொரு தடவை, "மறுக்கா வேலை போயிருமுன்னு பயந்துட்டனுங்க," என்றார். இரண்டும் நிஜம்தான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் விசாரிக்க வந்தவர்கள் முதலில் பார்த்தது அந்தப் பலகையைத்தான். புதுப் பெயின்ட்டில் பளபளவென்று நின்றது. "போர்டு இல்ல சார், சத்தியமா இல்ல," என்று பாண்டித்துரை தலையில் அடித்துக்கொண்டான். ஒருத்தரும் நம்பவில்லை. குடித்திருப்பான் என்றார்கள், போனில் பேசியிருப்பான் என்றார்கள். நானும் ஏதோ சொன்னேன். பெற்ற தாய் ஒச்சம்மாளே ஆஸ்பத்திரி வாசலில் அவனை அறைந்து, "எம்புள்ளய முழுங்கிட்டுப் பொய் வேற சொல்றியாடா?" என்று கத்தினாள். ஜாமீனில் வந்தவன் வீட்டுக்குப் போகவில்லை. எங்கே போனான் என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருஷம் பூஜையன்று ஒச்சம்மாள் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகள் செத்த இடத்தில் ஒரு விளக்கு வைக்க வந்திருந்தாள். எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் சென்னியப்பன் அவள் பக்கத்தில் போனார். காக்கிச் சட்டையைப் பார்த்ததும் அவள் கும்பிட்டாள்.

"இந்த ரோட்டப் பாக்குறது நீங்கதானாய்யா? போர்டெல்லாம் பளிச்சுனு நல்லாத்தான் வச்சிருக்கீக. என் வகுத்துல பொறந்தவனுக்குத்தேன் கண்ணு அவிஞ்சு போச்சு."

அவள் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பஸ் ஏற்றிவிட்டார். அதற்கடுத்த வருஷமும் அதேதான். அவரும் மெலிந்துகொண்டே போனார். சோற்றில் கை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார் என்று மருதாள் என்னிடம் வந்து அழுதிருக்கிறாள்.

2009-ல் ரோட்டை அகலமாக்கி வளைவை நேராக்கினார்கள். கிணற்றை மண் கொட்டி மூடினார்கள். பழைய பலகைகளைப் பிடுங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அந்த வருஷம் வந்த ஒச்சம்மாள் இடம் தெரியாமல் இரண்டு நிறுத்தம் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்தாள். சென்னியப்பன்தான் அழைத்துப் போய் இடத்தைக் காட்டினார். அங்கே ஜல்லிக் குவியல் கிடந்தது.

"கெணத்தையும் தூத்துட்டாகளா?" என்று கேட்டாள். "இனிமே நான் வரலய்யா. எங்கன வந்து நிக்கிறது?"

இப்போது சொல்லாவிட்டால் சாகிறவரைக்கும் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க பையன் பொய் சொல்லலீங்க. அன்னைக்கு இங்க போர்டு இல்லீங்க. பூசைக்குன்னு நாந்தான் ஊட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டனுங்க. வேன் உழுந்த பொறகுதான் கொண்டாந்து நட்டனுங்க," என்றார். சொல்லிவிட்டு அவள் காலில் விழப் போனார்.

அவள் திட்டவில்லை. மண்ணை வாரித் தூற்றவும் இல்லை. ஜல்லிமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எங்க லயன் வீட்டுப் பக்கத்துக் கடைக்குப் போன் பண்ணுவான்யா. என்னயக் கூப்பிடச் சொல்லுவான். வேற ஒண்ணும் பேச மாட்டான். 'ஆத்தா, போர்டு இல்லாத்தா'ம்பான். நான் போன வச்சிருவேன். மறுபடி பண்ணுவான், மறுபடி வச்சிருவேன். இந்தச் சித்திரையில இருந்து போனே வரலய்யா."

சென்னியப்பன் அதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். பழைய கதை, போய் வேலையைப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு அதில்தான் ஆத்திரம். ஒரு மனுஷன் தண்டனை கேட்டு வந்து நிற்கிறான், அதைக்கூடக் கொடுக்க ஆளில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் ஒச்சம்மாளும் திருப்பூரில் வேன் நிற்கும் இடங்களுக்கெல்லாம் போகிறார்கள். ஒரு நாள் நானும் கூடப் போனேன். சென்னியப்பன் டிரைவர் டிரைவராகப் போய்க் கையெடுத்துக் கும்பிட்டு, பாண்டித்துரை என்று ஒரு பையன், கிணற்றில் வேன் விழுந்ததே, அவன்மேல் தப்பில்லை, என்மேல்தான் என்று சொல்கிறார். பாதிப் பேருக்கு அந்தக் கதையே தெரியாது. ஒருவன் ஸ்டியரிங்கைத் துடைத்தபடியே கேட்டான்.

"அதுக்கு இப்ப நாங்க என்னங்க பண்றது?"

ஒச்சம்மாள்தான் முன்னால் வந்தாள்.

"எங்கனயாச்சும் அவனப் பாத்தா, ஆத்தா நம்பிட்டான்னு மட்டும் சொல்லுய்யா."