எதை முதலில் செய்வது

புராடக்ட் மேனேஜர் வேலை என்பது, எதை முதலில் செய்வது, எதைத் தள்ளிப்போடுவது என்று முடிவெடுப்பதும், அப்புறம் அதற்குப் பதில் சொல்வதும்தான். இதே வேலையில் மாட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நான் திருத்தணிக்காரி. சென்னையில் ஒரு சின்னக் கம்பெனியில், டயாலிசிஸ் நோயாளிகளுக்குச் சிகிச்சை நாளையும் நேரத்தையும் சொல்லும் செயலி என் பொறுப்பில் இருந்தது.

அம்மா புரிந்துகொண்டது

வேலை கிடைத்த அன்று அம்மாவிடம் விளக்கினேன். புரோகிராம் எழுதுவது நானில்லை, விற்பதும் நானில்லை. நோயாளிகளுக்கு என்ன தேவை என்று கேட்டுவந்து, மற்றவர்களைச் செய்யவைக்க வேண்டும். அவர்கள் யாரும் எனக்குக் கீழே இல்லை.

அம்மா சொன்னாள்: "கல்யாணத்துல பொண்ணோட அம்மா மாதிரின்னு சொல்லு. சமைக்கிறது அவ இல்ல. உப்பு கொறைஞ்சா அவளத்தான் கேப்பாங்க."

ஒரு கை

திருத்தணியில் எங்கள் செயலி இருந்த டயாலிசிஸ் மையத்துக்குப் போனேன். அம்மையார்குப்பத்து நெசவுக்காரம்மா ஒருவர், ஊசி குத்திய இடது கையை அசைக்காமல், வலது கையில் போனைப் பிடித்திருந்தார். திரையின் மேல் மூலையில் இருந்த பொத்தானுக்குக் கட்டைவிரல் எட்டவில்லை. எட்டி அமுக்கப் பார்த்தார், போன் நழுவி விழுந்தது. பொத்தான் அங்கேயே இருக்கட்டும் என்று சொன்னவள் நான்தான்.

எடுத்துக் கொடுத்து, அந்தச் செயலி எங்கள் கம்பெனியுடையது என்றேன். "நாலு மணி நேரம் ஒத்தக் கையோடதாம்மா படுத்துகினு இருக்கோம். உங்க ஆபீசுலேர்ந்து யாரும் வந்து பாக்கலியா?"

நான்காவது வரி

சிகிச்சை நாளைத் தெலுங்கில் போன் செய்து சொல்லும் வசதி என் பட்டியலில் நான்காவதாக இருந்தது. அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்திருந்தேன்.

அதே மையத்துக்கு டயாலிசிஸுக்கு வந்துகொண்டிருந்த பள்ளிப்பட்டுப் பக்கத்து விவசாயி வெங்கடேசலுவுக்குத் தெலுங்கு மட்டும்தான் படிக்கத் தெரியும். இயந்திரங்களைச் சரிபார்ப்பதற்காக ஒரு வாரம் அவருடைய செவ்வாய்க்கிழமை முறையைத் திங்களுக்கு மாற்றினார்கள். செய்தி தமிழில் போனது. அவர் செவ்வாயன்று வந்து, மூடியிருந்த கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். மறுநாள் காலை மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனார்.

ஆபீசில் யாரும் என்னைத் திட்டவில்லை. புரோகிராமர் சரவணன் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "கேட்டிருந்தா ரெண்டு நாள்ல முடிச்சிருப்பேங்க."

முதல் அழைப்பு

இரண்டே நாளில் முடித்தான். தெலுங்கு அழைப்புகள் போயின. வெங்கடேசலுவின் எண்ணுக்கும் போனது. இறந்தவரின் எண்ணை நீக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருக்க வேண்டியது எனக்கு.

பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பிடித்து அவர் வீட்டுக்குப் போனேன். நான் தள்ளிவைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் அவர் மகளிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை காத்திருந்து சொன்னாள்: "அந்தப் போனு நான்தாங்க எடுத்தேன். தெளிவா பேசுது. நைனாவுக்குப் புரிஞ்சிருக்கும்."

வருடக் கடைசியில் கம்பெனி எனக்குக் கொடுத்த பாராட்டுக் கடிதத்தில், தெலுங்கு வசதியைக் குறித்த தேதிக்கு முன்பே முடித்தவர் என்று எழுதியிருந்தது.