சாம்பலில் வைக்காத இரும்பு

சுந்தர் சாரின் கால் போனதற்குச் சுந்தர் சார் காரணமல்ல. நான்தான் காரணம்.

எழுதிவிட்டேன். ஐம்பது வருஷமாக நாக்குக்கு வராத வரி, கைக்கு மட்டும் எப்படி வந்தது? தெரியவில்லை. உங்களிடம் சொல்ல வருகிறது. சொல்ல வேண்டியவர்களிடம் வரவில்லை... அதுதான் எரிச்சல்.

நான் யாரென்று தெரியாவிட்டால் சானடோரியத்திலிருந்து பெருங்களத்தூர் வரை எந்த மெக்கானிக்கை வேண்டுமானாலும் கேளுங்கள். காதர் பாய் பட்டறை என்றால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடுவான். மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். லாரி துடைத்தேன், பட்டறையில் துருத்தி அடித்தேன், கடைசியில் பட்டறையே என்னுடையதாயிற்று. கடைப் பலகைகளை எழுத்துக்கூட்டி நானே படிக்கக் கற்றேன். இன்றைக்குத் தினசரியை ஓர் எழுத்து விடாமல் வாசிப்பேன். 'எனக்குத் தெரியாது' என்று இதுவரை ஒரு மனிதனிடம் சொன்னதில்லை!

என் பட்டறை வாசலில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கும்: 'காதர் பாய் போட்ட வெல்டிங் ஒருமுறையும் விட்டதில்லை.'

ஒருமுறை விட்டது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. கோவிந்தசாமி மேஸ்திரியின் பட்டறையில் வேலை. சுந்தர் சாருக்கு ஏதோ ஆபீஸில் உத்தியோகம். சம்பளத்தையெல்லாம் கொட்டி எங்களிடம் ஒரு பந்தயக் கார் கட்டிக்கொண்டிருந்தார். ஒரே ஆள் உட்காரும் வண்டி, சுருட்டு மாதிரி நீளமான உடம்பு, வெளியே துருத்திக்கொண்டு நான்கு சக்கரம். பழைய கார்களிலிருந்து பிடுங்கிய சாமான்கள்தாம் எல்லாம். எதுவும் எதோடும் பொருந்தாது. வெட்டி ஒட்டித்தான் பொருத்த வேண்டும்.

அப்படி வெட்டி ஒட்டியதில் ஒன்று ஸ்டியரிங் ஆர்ம். ஒரு சாண் நீளமுள்ள இரும்புக் கை. ஓட்டுகிறவர் வளையத்தைத் திருப்பினால் முன்சக்கரத்தைத் திருப்புவது அதுதான். இரண்டு துண்டுகளை ஒன்றாக்கி நான் வெல்டிங் வைத்தேன். மேஸ்திரி பார்த்தார், தலையை ஆட்டினார்.

"சாம்பல்ல பொதைச்சு வெய்யி. நாளைக்குக் காலையில எடு. அவசரப்பட்டின்னா கண்ணாடி மாதிரி ஆயிடும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

பழுக்கக் காய்ந்த இரும்பு மெதுவாக ஆற வேண்டும். உமிச்சாம்பலுக்குள் ஒரு ராத்திரி முழுக்கக் கிடக்க வேண்டும். சட்டென்று குளிர்ந்தால் வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே நொறுங்கிப் போகும். இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும்!

ஆனால் சுந்தர் சார் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, கையில் கறுப்புக் கண்ணாடி. மேஸ்திரி வருவதற்குள் வேலையை முடித்துக் காட்டினால் இவர் என்ன சொல்வார் என்று மனம் துள்ளியது. வாளித் தண்ணீரில் அதை முக்கினேன். உஸ்ஸென்று ஆவி எழுந்தது. அரத்தால் ராவினேன், கறுப்புப் பெயிண்ட் அடித்தேன், வண்டியில் பூட்டினேன்.

"அதுக்குள்ள முடிச்சிட்டியா காதர்! கெட்டிக்காரன்டா நீ" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்... ஒரு மனிதனின் கால்!

மேஸ்திரி திரும்பி வந்து, "சாம்பல்ல வெச்சியாடா?" என்று கேட்டார்.

"வெச்சேன் மேஸ்திரி. அது அங்க கெடக்குது, வண்டியில இருக்கறது வேற. இத முன்னாடியே ஒட்டி ஆறவெச்சிருந்தேன்" என்றேன். பொய் எவ்வளவு சுலபமாக வந்தது! உண்மைதான் வராது எனக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வடக்கே பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம். மூன்றாவது சுற்று. கோணலான திருப்பத்தில் எல்லா வண்டியும் திரும்பியது, சுந்தர் சாரின் வண்டி மட்டும் நேராகப் போய் மண் நிரப்பிய பீப்பாய்களில் மோதியது. முதலில் ஓடியவன் நான். அவரைத் தூக்கவா ஓடினேன்? இல்லை. குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தேன். ஆர்ம் இரண்டாக உடைந்திருந்தது, என் வெல்டிங்கின் ஓரத்திலேயே. இரும்பு உடைந்த இடம் சர்க்கரையை ஒட்டவைத்தது போல் பளபளவென்று மின்னியது. மோதி உடைந்திருந்தால் வளைந்து பிய்ந்திருக்கும். இது மோதுவதற்கு முன்பே உடைந்தது.

கையில் அட்டையோடு ஓர் அதிகாரி வந்து, "வண்டியில ஏதாவது ஃபால்ட்டா?" என்று கேட்டார்.

"ஒரு கொறையும் இல்ல சார். ஸ்பீடா வந்துட்டாரு."

நானே சொன்னேன். யாரும் கழுத்தைப் பிடித்துச் சொல்ல வைக்கவில்லை!

ஆஸ்பத்திரியில் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு என்ன சொன்னார் தெரியுமா? "மன்னிச்சிரு காதர். இவ்ளோ அழகா கட்டின வண்டிய ஒடைச்சிட்டேன்." ஓட்டியவர், ஒட்டியவனிடம் மன்னிப்புக் கேட்டார். நான் என்ன செய்தேன்? "பரவாயில்ல சார்" என்றேன். பெரிய மனசோடு மன்னித்துவிட்டேன்!

இடுப்புக்குக் கீழே வலது கால் பிறகு ஒத்துழைக்கவே இல்லை. ஊன்றுகோலோடு முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்தார். முடிச்சூரில் வீடு கட்டினார். ஒரே மகள், வித்யா, விபத்துக்குப் பின்னால் பிறந்தவள். அப்பா ஓடி அவள் பார்த்ததில்லை.

பெருவெள்ளம் வந்த வருஷம், முடிச்சூரில் மாடிவரை தண்ணீர். என் டிராக்டரை எடுத்துக்கொண்டு நானே போய் அவரை இறக்கிக் கொண்டுவந்தேன். இதை இன்றும் ஊரெல்லாம் சொல்லிக்கொள்வேன். சொல்லாதது ஒன்று உண்டு. அவர் மடியில் ஒரு சாக்கு மூட்டை. பத்திரம், நகை எதுவும் எடுக்கவில்லை, அதை மட்டும் எடுத்திருந்தார். உள்ளே அந்த வண்டியின் உடைந்த சாமான்கள். "நல்ல வண்டி காதர்... நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார், மழையில் நனைந்தபடி. பக்கத்தில் வேறு யாருமில்லை. அப்போது சொல்லியிருக்கலாம் அல்லவா? என் டிராக்டர் எப்பேர்ப்பட்ட டிராக்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவர் இறந்தார். போன வருஷம் வித்யா பட்டறைக்கு வந்தாள். பழைய பந்தய வண்டிகளை அச்சு அசலாகத் திரும்பக் கட்டி ஓட்டும் போட்டியாம். கறுப்பு வெள்ளைப் புகைப்படம் நான்கு, விதிகள் அச்சடித்த ஒரு கட்டுக் காகிதம்.

"அப்பாவோட காரைத் திரும்பக் கட்டணும் அங்கிள். நான் ஓட்டப் போறேன். உங்களைத் தவிர யாரால முடியும்?"

யாரால முடியும்! இந்த வார்த்தை போதும், நான் எதற்கும் தலையாட்டி விடுவேன்.

ஏழு மாதம் உயிரை வாங்கிற்று அந்த வண்டி. அந்தக் காலத்துக் குழாய் அளவு இன்று கிடைக்காது. வண்டியின் மூக்கை மணல் மூட்டைமேல் வைத்து அலுமினியத் தகட்டில் தட்டித் தட்டி எடுத்தேன். மூன்று மூக்கு வீணாயிற்று. புகைப்படத்தில் இடது பக்கம் தெரிகிறது, வலது பக்கம் தெரியவில்லை. விதியில் ஒரு விரல் அகலம்கூட மாறக் கூடாது என்கிறான். மூட்டு வலி, கண் புரை, வாய் நிறைய வசவு... எல்லாவற்றையும் பொறுத்தேன். ஒன்றைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஒருநாள் அந்தச் சாக்கு மூட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல் கவிழ்த்தாள். ஆர்ம் இரண்டு துண்டாக உருண்டு வந்தது. துரு மூடியிருந்தது. எனக்கு மட்டும் அது மின்னியது.

"ஒரிஜினல் பார்ட் இருந்தா கூடுதல் மார்க்காம். இதையே ஒட்டிக் குடுங்க அங்கிள்."

"வேணாம்மா. பழைய இரும்பு, நம்பக் கூடாது."

"உங்க வெல்டிங்கையே நம்பக் கூடாதா?" என்று வாசல் பலகையைக் காட்டிச் சிரித்தாள்.

"சரி, வெச்சிட்டுப் போ" என்றேன்.

அவள் தந்தையின் காலைக் கொண்டுபோன இரும்பை அவளுக்கே பூட்ட என்னால் ஆகவில்லை. கெட்டி இரும்புக் கட்டியிலிருந்து ஒரே துண்டாகப் புது ஆர்ம் கடைந்தேன். பழையதில் ஒட்டு இருந்த இடத்தில், மேலே மட்டும் மெல்லிசாக ஒரு வெல்டிங் கோடு இழுத்தேன், வெறும் காட்சிக்காக. அதையும் சாம்பலில் புதைத்து ஒருநாள் முழுக்கக் காத்திருந்தேன்! பிறகு உப்புத் தண்ணீரில் ஊறவைத்துப் பழசாக்கினேன். உடைந்த துண்டுகளைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

என் மனைவி ஆயிஷா கேட்டாள்: "நகை வெக்கிற எடத்துல துருப்புடிச்ச இரும்ப இன்னாத்துக்கு வெச்சிக்கினு கீறீங்க? காயலான் கடையில போட்டாக்கூட வாங்க மாட்டான்."

"உனக்கின்னா தெரியும்" என்று கத்தினேன். அவளுக்குத் தெரியாது என்பதுதானே என் நிம்மதி!

போட்டி நாளில் வண்டியைச் சோதிக்க ஒரு வயதானவர் வந்தார். சக்கரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். சின்னச் சுத்தியலால் ஆர்மைத் தட்டினார். டிங்கென்று கோயில் மணி போல் ஒலித்தது. மறுபடி தட்டினார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாய்... ஒட்டு போட்ட இரும்பு இப்படி ஒரே பீஸ் மாதிரி சத்தம் குடுக்குமா?"

வித்யா பக்கத்தில் நின்றாள். உண்மை சொல்லக் கதவு திறந்திருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"என் ஒட்டு குடுக்கும் சார்" என்றேன்.

சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். அவர் ஒரு நொடி என்னையே பார்த்துவிட்டுக் காகிதத்தில் கையெழுத்திட்டார். அவருக்குத் தெரிந்திருக்குமோ? தெரிந்திருந்தால் ஏன் விட்டார்! ஏன் என் சட்டையைப் பிடிக்கவில்லை!

அவள் நன்றாக ஓட்டினாள். ஒவ்வொரு திருப்பத்திலும் நிதானித்து ஓட்டினாள். சிறந்த கட்டுமானத்துக்கான கேடயம் எங்களுக்குத்தான். மேடையில் ஒலிபெருக்கியைப் பிடித்துச் சொன்னாள்: "அம்பது வருஷம் முன்னாடி காதர் அங்கிள் ஒட்டின ஆர்ம் இது, மோதினதுல உடைஞ்சதை அவரே திரும்ப ஒட்டியிருக்கார். அன்னிக்கும் இதுல குறை இல்லை. எங்கப்பா எப்பவும் சொல்லுவார், வண்டி நல்ல வண்டி, நான்தான் அவசரப்பட்டேன்னு. அப்பா பண்ணின தப்பை நான் பண்ணலை."

பெருமையோடுதான் சொன்னாள். தந்தை தவற்றை ஒப்புக்கொண்டவர் என்ற பெருமை. கேடயத்தை என் கையில் கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். சிரித்தேன் கூட!

இப்போது நீங்கள் கேட்பீர்கள்: இனியாவது சொல்லலாமே? சொன்னால் அந்த நகல் வண்டியும் பொய்யாகிவிடும், அவள் வாங்கிய பரிசும் போகும், அவளுக்கு என்ன மிஞ்சும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிப் பார்க்கிறேன். பொய். எனக்கு என்ன மிஞ்சும் என்பதுதான் பயம். குறை இல்லாத வெல்டிங்கை எடுத்துவிட்டால் இந்தக் காதர் பாய் யார்? மூன்றாம் வகுப்பு.

நேற்று தொலைபேசியில் அழைத்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் வண்டியைக் காட்சிக்கு வைக்கிறார்களாம். முன்னால் வைக்கும் பலகைக்குத் தமிழில் எழுதியிருக்கிறாள். படம் பிடித்து அனுப்பினாள்.

"படிச்சுப் பாருங்க அங்கிள். கடைசி வரி சரியா இருக்கா? நீங்கதான் அங்க இருந்தீங்க. நீங்க சொன்னா மாத்திடறேன்."

படித்தேன். ஓர் எழுத்து விடாமல் படித்தேன். 'விபத்துக்குக் காரணம் வண்டியின் குறை அல்ல, ஓட்டியவரின் அவசரம்.'

"அங்கிள்? லைன்ல இருக்கீங்களா?"

"நான் மூணாங் கிளாஸும்மா" என்றேன். "எழுத்து கிழுத்தெல்லாம் எனக்கின்னா தெரியும்... நீயே பாத்துக்க."

பலகை இந்நேரம் அச்சாகியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை புகைப்படத்துக்கு அதன் பக்கத்தில் என்னை நிற்கச் சொல்லியிருக்கிறாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வரவேண்டுமாம்.